ஒரு காலுக்கு நான்கு படிவமா? போதும்: எங்கள் ஆராய்ச்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். அதில் மூன்று உத்தரவுகள். இனி ஆராய்ச்சிப் பயிற்சியை மருத்துவக் கல்லூரி, செவிலியர் கல்லூரி, பார்மசி கல்லூரி, பிசியோதெரபி கல்லூரி என்று அவரவர் தனித்தனியாக நடத்திக்கொள்ள வேண்டும். பல துறை ஆசிரியர்கள் சிலர் ஆராய்ச்சி பற்றிப் பேச வியாழக்கிழமை மதியம் கூடி உட்காருவது பணி நேரத்தில் சேராது. பல துறை சேர்ந்து செய்யும் ஆய்வு எதுவானாலும் முதன்மை ஆய்வாளர் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும், மற்றவர்களின் பெயர் உதவியாளர் பட்டியலில் வரும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. முறைப்படி துறைத் தலைவர் வழியாக எழுதினேன். "பார்க்கலாம்" என்ற பதிலோடு அது நின்றுவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் செவிலியர் கல்லூரியில் 19 ஆண்டுகளாகப் பாடம் எடுப்பவள். நம் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்கும் தெரியும். குறுவையிலும் சம்பாவிலும் தாளடியிலும் சேற்றில் நிற்கிறவர்கள், அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள். ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதி எழுதியே நம் கை பழகிவிட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் வெண்ணாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நடவு ஆள். பல வருடச் சர்க்கரை. வலது பாதத்தில், விரல்களுக்குக் கீழே மேடாக இருக்கும் இடத்தில் புண். ஆறுவதும் மறுபடி திறப்பதுமாக இரண்டு வருடம் ஓடியிருந்தது. அவர் டிரெஸ்ஸிங்குக்கு வந்துபோன ஒரே வாரத்தில் நம் வளாகத்திலிருந்து நான்கு பேர் அவரிடம் போனார்கள். அறுவை சிகிச்சைத் துறை முதுகலை மாணவர் தன் ஆய்வேட்டுக்குப் புண்ணை அளந்தார். எங்கள் எம்.எஸ்சி. மாணவி பாதப் பராமரிப்பு பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டார். பார்மசி கல்லூரியின் ஃபார்ம்.டி. மாணவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று எண்ணிப் பார்த்தார். பிசியோதெரபி மாணவி அவரை நடக்கவைத்துக் குறிப்பெடுத்தார். நான்கு ஒப்புதல் படிவம், நான்கு கைநாட்டு. ஒருவர் திங்கட்கிழமை வரச் சொன்னார், இன்னொருவர் புதன்கிழமை வரச் சொன்னார்.

நான்காவது படிவத்தோடு போனது என் மாணவி. உடன் நானும் இருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் சிஸ்டர், சர்க்கரை எத்தனை வருஷமா இருக்குன்னு முந்தாநேத்துத்தானே அந்த டாக்டர் தம்பி எழுதிக்கிட்டுப் போச்சு? அதுகிட்ட கேட்டுக்கக் கூடாதா? இதோட ரெண்டு நா கூலி போச்சு."

அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

நான்கு ஆய்வேடுகளும் முடிந்தன. நான்கு நூலகங்களில் இருக்கின்றன. பின்னால் ஒரு விடுமுறை நாளில் அவற்றை ஒரே மேசையில் வைத்துப் படித்தேன். அறுவை சிகிச்சை ஆய்வேட்டில், புண் திரும்பத் திரும்பத் திறப்பவர்கள் "சொன்னபடி நடக்காதவர்கள்" என்று எழுதியிருந்தது. எங்கள் மாணவியின் ஆய்வேட்டில் அப்படிப்பட்டவர்கள் பலர் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். செருப்பு போடுவீர்களா என்ற கேள்விக்கு எப்போதும் போடுவேன் என்று பதில் சொல்லியிருந்தார்கள். ஃபார்ம்.டி. ஆய்வேட்டில் ஒரு வரி: நடவு நாட்களில் காலை மாத்திரையைச் சிலர் விட்டுவிடுகிறார்கள், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வயலுக்குப் போவதால் மயக்கம் வரும் என்று பயப்படுகிறார்கள். பிசியோதெரபி ஆய்வேட்டில், உடம்பின் எடை முன்பாதத்தில் அதிகம் விழுவதாகக் குறிப்பு.

நடவு நடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து நட வேண்டும். எடை முன்பாதத்தில் நிற்கும். சேற்றில் செருப்பு போட முடியாது. செருப்பு போடுவீர்களா என்று கேட்டால் ரோட்டை நினைத்துப் பதில் சொல்வார்கள், வயலை நினைத்து இல்லை. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த கால், நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய தோல், முன்பாதத்தில் எடை, அதே நாட்களில் விட்டுப்போன மாத்திரை. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஆராய வேண்டிய கேள்வி இதுதான். அது நான்கு துண்டாக நான்கு அலமாரியில் கிடந்தது. நான்கு வழிகாட்டிகளில் ஒருவர்கூட இன்னொருவரின் ஆய்வைப் படித்திருக்கவில்லை. அந்த நால்வரில் நானும் ஒருத்தி.

வியாழக்கிழமைக் கூட்டம் அதன் பிறகுதான் தொடங்கியது. அறுவை சிகிச்சை உதவிப் பேராசிரியர் ஒருவர், பார்மசி ஆசிரியர் ஒருவர், பிசியோதெரபியிலிருந்து ஒரு இளம் ஆசிரியை, உணவியல் நிபுணர், சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் தெரிந்தவர், எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேர். மதியம் இரண்டரை மணிக்கு, காலியாக இருந்த ஒரு வகுப்பறையில்.

நீங்கள் அதைப் பேச்சுக் கச்சேரி என்று நினைத்திருக்கலாம். அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் மாதம் முழுவதும் சொற்களிலேயே போனது. "நோயாளி சொன்னபடி நடக்கிறார்" என்றால் என்ன? பார்மசி ஆசிரியருக்கு அது மீதி மாத்திரையின் எண்ணிக்கை. மருத்துவருக்கு அது ஹெச்.பி.ஏ.1.சி. அளவு, அதாவது ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் நிலவரம். எங்களுக்கு அது நோயாளி வாய்திறந்து சொல்வது. மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். ஆனால் நம் ஆய்வேடுகள் எல்லாவற்றிலும் ஒரே சொல்லால் எழுதியிருக்கிறோம்.

இரண்டாம் மாதம் புண்ணை அளப்பது. ஒரே புண்ணை, ஒரே நாளில், நோயாளியின் சம்மதத்தோடு மூன்று பேர் அளந்தோம். மருத்துவர் கண்ணால் பார்த்து, புண் எவ்வளவு மோசம் என்று சொல்லும் வாக்னர் வகைப்பாட்டில் 0 முதல் 5 வரை எது என்று போட்டார். நான் காகித அளவுகோலால் நீளத்தையும் அகலத்தையும் எடுத்தேன். பிசியோதெரபி ஆசிரியை கண்ணாடித் தாளை மேலே வைத்து ஓரத்தை வரைந்து, சதுரம் எண்ணினார். எங்கள் இருவரின் பரப்பளவும் ஒத்துவரவில்லை. மருத்துவர் ஓரமாகப் பார்த்துவிட்டு என் அளவையே எழுதச் சொன்னார். அந்த ஆசிரியை, எங்கள் எல்லோரிலும் இளையவர், இரண்டு மாதமாக வாயே திறக்காதவர், "சார், அந்த அளவு கூடுதலா இருக்கு. சிஸ்டர் புண்ணைச் சுத்தியிருக்கிற தடிச்ச தோலையும் சேர்த்து அளந்திருக்காங்க" என்றார். அறை அமைதியானது. மருத்துவர் தாளை வாங்கி, மறுபடி குனிந்து பார்த்து, ஆமாம் என்றார். நானும் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து புண்ணின் ஓரம் எங்கே தொடங்குகிறது என்று எழுதி வைத்துக்கொண்டோம். அதன் பிறகு பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் நைலான் இழைச் சோதனையையும் அப்படியே செய்தோம். எந்த இடங்களில் வைப்பது, எவ்வளவு நேரம் அழுத்துவது, நோயாளி கண்ணை மூடியிருக்கிறாரா என்பதையெல்லாம் முடிவு செய்து, இருவர் தனித்தனியாகச் சோதித்து, எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது என்று எண்ணிப் பார்த்தோம்.

இதை எந்தப் புத்தகமும் தனியாக உட்கார்ந்து படிப்பவருக்குக் கற்றுக்கொடுக்காது. ஆராய்ச்சி முறையியல் பாடம் எனக்குத் தெரியும், பல வருடமாக அதைத்தான் நடத்துகிறேன். கருதுகோள், மாதிரி அளவு, பி மதிப்பு எல்லாவற்றையும் செவிலியர்களுக்குள்ளேயே சொல்லித்தர முடியும். ஒரு பேராசிரியரிடம் "அந்த அளவு கூடுதல்" என்று சொல்லும் தைரியத்தையும், அதைக் கேட்டு மறுபடி குனிந்து பார்க்கும் மனதையும் எங்களுக்குள்ளேயே எப்படிச் சொல்லித்தருவது? அந்தப் பேராசிரியர் அறையில் இருந்தால்தானே முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது. டெல்டாவில் பாம்புக்கடி எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மில்லி இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்துப் பார்ப்போம். குழாய் புதியதாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் நல்ல இரத்தம்கூட உறையாமல் நிற்கும். பிளாஸ்டிக் குழாயும் உதவாது. அங்கே மருத்துவத் துறையில் ஒருவர் பல வருடக் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, உறைந்தது, உறையவில்லை என்று கணக்கிட்டு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். கடினமாக உழைத்தார். ஆனால் அந்த வருடங்களில் பெரும்பகுதி, குழாய் பற்றாக்குறையால் நாங்கள் கழுவிக் கழுவித்தான் பயன்படுத்தினோம் என்பது வார்டில் இருந்த எல்லா செவிலியருக்கும் தெரியும். அவர் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் போய்ச் சொல்லவில்லை, ஏனென்றால் ஆராய்ச்சி எங்கள் வேலை என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தற்செயலாகத் தேநீர் நேரத்தில் பேச்சு வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு வருட வேலை. அவர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இனி நம் மருத்துவமனையிலிருந்தும் தரவு போகும். அந்தத் தரவு சரியாக இருக்க வேண்டுமானால் குழாயைக் கழுவுகிறவரும், மருந்து இருப்பைப் பார்க்கிறவரும், கேஸ் ஷீட் எழுதுகிறவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

உங்கள் சுற்றறிக்கையில் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சட்டம், தனி ஆணையம், தனி ஆய்வு வருகை என்கிறீர்கள். உண்மைதான். மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கு 2021-இலும், செவிலியத்துக்கு 2023-இலும் புதுச் சட்டங்கள் வந்தன. தனித்தனியாகப் பதிவேடு காட்ட வேண்டும் என்றால் காட்டலாம், தனித்தனிப் பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக வகுப்பறையைப் பிரிக்க வேண்டியதில்லை.

மருத்துவ ஆசிரியர்கள் ஏற்கெனவே இணையவழி ஆராய்ச்சிப் பயிற்சி முடித்திருக்கிறார்கள், அதனால் கூட்டுப் பயிற்சி வீண் என்றும் சொன்னீர்கள். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அந்தப் பாடத்தை நானும் மதிக்கிறேன். நன்றாகத் தயாரித்த பாடம். ஆனால் அவரவர் கணினி முன்னால் தனியாக உட்கார்ந்து முடிப்பது அது. வாக்னர் வகையா, கண்ணாடித் தாளா என்ற வாக்குவாதம் அதில் வராது.

மூன்றாவது, பொறுப்பு. புதிய மருந்துகளின் சோதனைக்கு 2019-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. அங்கே மருத்துவர் பொறுப்பேற்பதே சரி, எனக்கு மறுப்பில்லை. சேற்றில் போடக்கூடிய காலணி, டிரெஸ்ஸிங்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, மயக்கம் வராமல் மாத்திரை நேரத்தை எப்படி அமைப்பது, இவையெல்லாம் அந்த வகையா? காலணி ஆய்வுக்குப் பிசியோதெரபி ஆசிரியை தலைமை தாங்கினால் யாருக்கு என்ன கெடுதல்? ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவே பல துறையினர் கலந்ததாக, சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் உட்பட இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அனுமதி தருகிற இடத்தில் எல்லோரும் வேண்டும் என்றால், ஆய்வு செய்கிற இடத்தில் ஏன் வேண்டாம்?

பெயர் விஷயம் கொஞ்சம் கூச்சமானது, ஆனாலும் எழுதுகிறேன். உலகம் முழுவதும் மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதி ஒன்று உண்டு. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவு சேர்த்ததிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழு வேலைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. இந்த நான்கும் இருந்தால் அவர் கட்டுரையாசிரியர். பதவி அங்கே பேச்சே இல்லை. வருடம் முழுவதும் ஒவ்வொரு கிராமமாகப் போய்த் தரவு சேர்த்து, அட்டவணை போட்டு, பாதிக் கட்டுரை எழுதிய பார்மசி ஆசிரியரின் பெயரை "உதவிக்கு நன்றி" என்ற வரியில் போடச் சொல்வது அந்த விதிக்கு நேர் எதிரானது. மருத்துவ நண்பர்களுக்குப் பதவி உயர்வில் கட்டுரைக் கணக்கு தேவைப்படுகிறது, பெயர் வரிசை முக்கியமாகிறது என்பது புரிகிறது. அதைப் பேசித் தீர்க்கலாம். எங்கள் வியாழக்கிழமைக் குழுவில் ஆய்வு தொடங்கும் முன்பே யார் எதைச் செய்வார், யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். ஒரு சண்டைகூட வரவில்லை.

தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னால், தன்வந்திரி மகால் இருந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் தெரிந்தவர்களை ஒரே இடத்தில் வைத்து மருந்துகளை ஆராய வைத்தார்கள். சேர்ந்து ஆராய்வது வெளியூரிலிருந்து நான் இறக்குமதி செய்த யோசனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். வெளியூரிலும் இதைத்தான் சொல்கிறார்கள்: வெவ்வேறு சுகாதாரத் தொழில்களில் உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே தனி அறிக்கை வெளியிட்டது. நம் அரசும் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சர்க்கரை மாத்திரையோடு தன்னார்வலரையும், இயன்முறை மருத்துவரையும், நோய்த்தணிப்புச் செவிலியரையும் ஒரே திட்டத்தில் வீட்டு வாசலுக்கு அனுப்பியது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நாம் மட்டும் ஒரே வளாகத்தில் நான்கு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாது.

நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையின் முதல் இரண்டு பத்திகளையும் திரும்பப் பெறுங்கள். வியாழன் மதியம் இரண்டரையிலிருந்து நான்கரை வரை நான்கு கல்லூரி ஆசிரியர்களுக்கும் பணி நேரமாக அறிவியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு வார்டிலும் டிரெஸ்ஸிங் அறையிலும் மாற்று ஆள் போடும் பட்டியலை நாங்களே தயாரித்துத் தருகிறோம். இது மிக முக்கியம். பணி நேரம் இல்லை என்றால் மருத்துவர்கள் எப்படியாவது வந்துவிடுவார்கள். கைக்குழந்தையோடு கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் எங்கள் இளம் ஆசிரியைகளால் வர முடியாது.

முதன்மை ஆய்வாளர் யார் என்பதை ஆய்வின் கேள்வியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மருந்துச் சோதனைகள் தவிர மற்றவற்றில் நான்கு கல்லூரி ஆசிரியரும் தலைமை தாங்கலாம் என்று எழுத்தில் தாருங்கள். சிறு ஆய்வுகளுக்கு நீங்கள் ஒதுக்கும் நிதிக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் அதோடு வர வேண்டும். குறைந்தது இரண்டு தொழிலைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆய்வுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஆய்வு தொடங்கும் முன் பங்கையும் பெயர் வரிசையையும் எழுதிக் கையெழுத்திடும் ஒரு பக்கத் தாளை நெறிமுறைக் குழு விண்ணப்பத்தோடு கட்டாயமாக்குங்கள். எங்கள் தாளின் நகல் உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

நான்கு கல்லூரிகளிலும் இப்போது நடக்கிற, இனித் தொடங்கப்போகிற ஆய்வேடுகளின் தலைப்புகளை ஒரே பட்டியலாக எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ஒரே நோயாளிகளிடம் இரண்டு ஆய்வுகள் போகின்றன என்றால் இரு வழிகாட்டிகளும் முதலில் சந்தித்துப் பேசி, பொதுவான கேள்விகளை ஒரே படிவத்தில் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். தரவு பதிவதற்கு இலவச மென்பொருள் ஒன்றே போதும். எங்களில் இருவருக்கு அது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லித்தருவோம்.

சம்பா நடவுக்கு ஆட்கள் இறங்கும் முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பாதப் புண் ஆய்வுக்கு வயலில் தரவு சேர்க்க முடிகிற சில வாரங்கள் அவைதான். தவறினால் இன்னொரு பருவம் காத்திருக்க வேண்டும். நீங்கள் கூப்பிட்டால் எங்கள் குழுவின் ஏழு பேரும் வருகிறோம். அந்த நான்கு ஆய்வேடுகளையும் எடுத்து வருகிறேன். ஒரே மேசையில் வைத்து நீங்களும் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருவர்
காவிரி டெல்டா